ஆவுடைக்கு ஒரு தனிக்காட்சி

காலையில் வந்ததும் சேந்தன் முதலில் செய்கிற வேலை, முந்தின நாள் எழுதிய திரைக்கதையை எடைமானியில் ஏற்றுவது. அன்றைக்கு ஏற்றியது முருங்கைமர வழக்கு. மகாராஜநகரில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருவர். ஒருவர் வீட்டு முருங்கை மற்றவர் மாடியில் சாய்ந்து காய்க்கிறது. காய் யாருக்கு என்று ஆரம்பித்த பேச்சு, யாருடைய தாத்தா யாருடைய தாத்தாவிடம் கைகட்டி நின்றார் என்பதுவரை வளர்ந்துவிட்டது. எடைமானி கொஞ்சநேரம் முனகிவிட்டுத் திரையில் இரண்டு தட்டுகளைக் காட்டியது. மரத்துக்காரர் தட்டு நன்றாகத் தாழ்ந்திருந்தது.

“இன்னும் அந்தாளு பக்கமே சாயுது அக்கா,” என்றான் சேந்தன்.

“சாயாம என்ன செய்யும்? அவருக்கு மழையில நனையுத காட்சி குடுத்திருக்கே. மழையில நனைஞ்சா எவனும் நல்லவனாத்தான்டே தெரிவான்,” என்றார் எதிர்மேசை லில்லி. பாளையங்கோட்டைத் திரைமன்றத்துக்கு அவர்தான் தலைவி. மேசையில் வேலை இருக்கிறதோ இல்லையோ, வாயில் வெற்றிலை இருக்கும்.

சேந்தன் மழைக்காட்சியைத் தூக்கவில்லை. அதே மழையைப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல்வழியே பார்ப்பதாகக் காட்சியைத் திருப்பி வைத்தான். நனைகிறவரைப் பார்த்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்து, வறட்டுக் கௌரவத்தில் திரும்பிப் போய்விட்டார் அந்த மனிதர். சுவரில் பொருத்தியிருந்த வீட்டுக்கண்ணில் அது பதிவாகியிருந்தது. சேந்தன்தான் முதலில் கவனிக்கவில்லை. தட்டுகள் இரண்டும் சமமாகி நின்றன. அவன் அடுத்த வேலைக்குப் போனான்.

குடும்பச் சண்டையும் அண்டைவீட்டுச் சண்டையும் வழக்குமன்றத்தை விட்டுத் திரைமன்றத்துக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு சுவரில் வீட்டுக்கண் இருக்கிறது. சுவர்ப்பல்லியைப் போல அதையும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அது பார்த்ததெல்லாம் முத்திரையிட்டுக் கிடக்கும். வழக்கு என்று வந்தால் சேந்தனைப் போன்ற கதையாளருக்கு மட்டும் திறக்கும். அதிலிருந்து காட்சிகளைப் பொறுக்கி வரிசைப்படுத்துவதுதான் திரைக்கதை. ஒரு சொல்கூடச் சொந்தமாகச் சேர்க்கக்கூடாது. கதையாளர் கதைக்குள் கால்வைக்கவே கூடாது. எந்தக் காட்சிக்குப் பிறகு எந்தக் காட்சி, அதை யார் கண்வழியே பார்ப்பது என்று எழுதிக் கொடுத்தால் போதும், இயந்திரம் படமாகக் கோத்துவிடும். வழக்காடுகிறவர்கள் புகுகவசத்தை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தை ஒருவர் உடம்புக்குள் மற்றவர் புகுந்து பார்ப்பார்கள். ஊர்க்காரர்கள் அதை ஹெல்மெட் என்றுதான் சொல்வார்கள். பார்த்து முடித்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே ஒன்றாக டீ குடிக்கப் போவார்கள். சும்மா சொல்லக்கூடாது, வக்கீல்கள் காலத்தில் இது நடந்ததில்லை.

ஆனால் கையெழுத்து முதன்மைப் பாத்திரங்களுக்கு மட்டும்தான். மற்றவர்களெல்லாம் துணை. முதன்மையானவர்கள் கூடி என்ன முடிவெடுக்கிறார்களோ அதற்குத் துணைப்பாத்திரங்கள் கட்டுப்பட வேண்டும்.

யார் முதன்மை? அதிகம் பேசுகிறவர் இல்லை. அதிகக் காட்சியில் வருகிறவரும் இல்லை. ஒரு தனிக்காட்சியாவது இருக்கிறவர். பக்கத்தில் வேறு உயிரே இல்லாதபோது ஒரு ஆள் என்ன செய்கிறாரோ அதுதான் அந்த ஆள் என்று மன்றத்தை ஏற்படுத்தியவர்கள் தீர்மானித்திருந்தார்கள். நாலு பேர் முன்னால் எல்லாரும் நடிகர்கள்தானே? சேந்தனுக்கு அந்த விதியில் மிகுந்த நம்பிக்கை இருந்தது. இத்தனை வருஷத்தில் அது அவனை ஏமாற்றியதில்லை.

முருங்கைக்கு அடுத்து வந்தது ஹரீஷ்குமார் வீட்டு வழக்கு. பெயரைப் பார்த்தாலே ஆள் எந்தக் காலம் என்று தெரிந்துவிடும். இப்போது யார் பிள்ளைக்கு ஹரீஷ் என்று வைக்கிறார்கள்? அவரே தன் பிள்ளைகளுக்கு நம்பி, ஆவுடை, சுடலை என்று கோயில் பார்த்துத்தான் வைத்திருந்தார். பெரியவருக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் மூளையில் ரத்தம் கசிந்து, மூச்சும் இதயத்துடிப்பும் தாளம் தப்பிவிட்டன. அந்த வியாதிக்குத் துடிப்பிணைதான் மருந்து. நோயாளி கழுத்தில் ஒரு பட்டை, துணைக்கு இருப்பவர் கழுத்தில் ஒரு பட்டை. துணையின் துடிப்பு நோயாளிக்குத் தாளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கும், நோயாளியின் துடிப்பும் துணையின் கழுத்தில் வந்து இடித்துக்கொண்டிருக்கும். இருவரும் பத்தடிக்கு மேல் விலகக்கூடாது. இயந்திரத் துடிப்பு மருந்தில் விழிக்காமலே தூங்குகிற உடம்புக்குத்தான் ஒத்துவரும், விழித்தெழுகிற உடம்பு மனிதத் துடிப்பைத்தான் கேட்கும். பட்டை போட்ட நோயாளிக்குப் பேச்சு குறைந்துபோகும். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார்.

வழக்கு அப்பா யாரோடு இருப்பது என்பதுதான். மூத்தவன் நம்பி, கோவையில் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொள்ளத் துடித்தான். இளையவன் சுடலைக்கு வீடு பக்கத்துத் தெரு. அப்பாவின் உயிர் அவர் கட்டிய வீட்டில்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். இருவரும் நல்ல பிள்ளைகள். அப்பாவை யார் பார்ப்பது என்று தள்ளிவிடுகிற கூட்டத்துக்கு நடுவே, எனக்கு எனக்கு என்று மல்லுக்கட்டுகிற பிள்ளைகளைப் பார்த்து லில்லியே மூக்கில் விரலை வைத்தார்.

இரு முதன்மைப் பாத்திரங்கள் உள்ள திரைக்கதை எழுதுவது இரட்டை மாட்டு வண்டி ஓட்டுவதைப்போல. ஒரு மாடு முந்தினாலும் வண்டி வரப்பில் ஏறிவிடும். சேந்தனுக்கு அது கைவந்த கலை. நம்பிக்கு ஒரு தனிக்காட்சி கிடைத்தது: கோவை வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன், குழாயை அப்படியே ஓடவிட்டு, அப்பாவின் பழைய குரல்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். சுடலைக்கு ஒன்று: அப்பாவின் பட்டறைக்குள் போய் அவருடைய செருப்பில் காலை நுழைத்துப் பார்க்கிறான், பற்றவில்லை. இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்று வைத்ததும் தட்டுகள் ஒரே ஏற்றத்தில் சமமாக நின்றன. சேந்தன் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

படமாகக் கோக்குமுன் திரைக்கதையை வழக்குவீட்டிலேயே உரக்க வாசிக்கவேண்டும் என்பது மன்றத்து வழக்கம். வாசித்தான். நம்பி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். சுடலை அண்ணன் தோளில் கை போட்டான். பெரியவர் நாற்காலியில் இருந்தபடி யார் பேசினாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார். சேந்தன் எழுந்து கிளம்பும்போது, பெரியவர் நாற்காலிக்குப் பின்னால் நின்ற பெண் கூப்பிட்டாள். கழுத்தில் சாம்பல்நிறப் பட்டை. ஆவுடை.

“ஸார், நான் இதுல எங்க வாரேன்?”

“நீங்கதாம்மா எல்லாக் காட்சியிலயும் வாரீங்களே.”

“வாரேன். டீ கொண்டாந்து வைக்கேன், அப்பா வாயத் தொடைக்கேன், பெறவு அவியளத் திருப்பிப் படுக்க வைக்கேன். நீங்க வாசிக்கும்போது எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். ஒரு எடத்துலகூட நான் வாயத் தொறக்கல.” அவள் கோபப்படவில்லை, கறிவேப்பிலை கேட்பதுபோலத்தான் கேட்டாள். “நான் கையெழுத்துப் போடணுமா?”

“தேவையில்ல. அவங்க ரெண்டு பேரு போட்டாப் போதும்.”

“சரி, அப்பா கோவைன்னா நானும் கோவை. இங்கன்னா நானும் இங்க. அப்படித்தானே?”

சேந்தன் ஆமாம் என்று வாயெடுப்பதற்குள் நம்பி அங்கிருந்தே, “அப்பா எங்கியோ ஆவுடையும் அங்கதான் ஸார். அதுல எங்களுக்குள்ள பிரச்சனையே இல்ல,” என்றான். நிஜமாகவே அவனுக்கு அதில் பிரச்சனை ஏதும் தெரியவில்லை.

வாசல்வரை பத்தடிக்குள்தான் இருந்தது. அதுவரை அவள் கூடவே வந்து, தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவள் நீரளவுப் படிப்பு படித்தவள். மணிமுத்தாறு அணைக்கு மேலே காட்டுக்குள், ஆற்றில் வரும் தண்ணீரை அளந்து பதிகிற ஒரு நீரளவு நிலையம். ஒற்றை ஆள் வேலை. இதற்குமுன் இரண்டு தடவை கூப்பிட்டார்கள், இரண்டு தடவையும் மறுத்துவிட்டாள். இப்போது மூன்றாவது முறை. இனிக் கூப்பிட மாட்டார்கள். “அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டா அது அஞ்சு வருஷத்துக்கு ஒப்பந்தமாம். எனக்கும் அப்ப நாப்பத்தஞ்சு ஆயிரும் ஸார். எனக்கு வேண்டாம்னு சொல்ல ஒரு எடம் வேணும். அவ்வளவுதான்.”

அலுவலகத்துக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் லில்லி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “அதுக்கென்ன, ஒரு தனிக்காட்சி தேடிப் போடு. மூணு பேரு கதையாயிரும். நாம எழுதாததா?” என்றார்.

தேடினான். ஏழு வருஷப் பதிவு. சமைக்கிறாள், துவைக்கிறாள், பெரியவருக்கு நகம் வெட்டுகிறாள். அவர் தூங்கும்போது பக்கத்துக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்ட சில நிமிஷங்கள்கூட இருந்தன. அங்கே அவளும் சுவரும் மட்டும்தான். ஆசையோடு அதை எடைமானியில் ஏற்றினால், இயந்திரம் உதட்டைப் பிதுக்கியது. இரண்டு துடிப்பு என்று காட்டியது. சேந்தனுக்குப் புரியக் கொஞ்சநேரம் பிடித்தது. அவள் கழுத்துப் பட்டையில் அப்பாவின் துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. எடைமானி துடிப்பைத்தான் எண்ணும். பட்டை இருக்கும்வரை அவள் எங்கே போய் எந்தக் கதவைச் சாத்தினாலும், கணக்குப்படி அவளோடு இன்னொருவர் இருந்துகொண்டே இருப்பார்.

அன்றைக்குத்தான் அவனுக்கு அந்த விதியின்மேல் முதன்முதலாக எரிச்சல் வந்தது. எந்நேரமும் யாருக்காவது பக்கத்தில் இருந்தே தீரவேண்டிய ஒருத்தி, அந்த ஒரே காரணத்தால் ஆளே இல்லை என்று ஆகிவிடுகிறாள். இது என்ன நியாயம்?

“பட்டையை ஒரு மணி நேரம் வேற யாராவது போட்டுக்கிட்டா?” என்றான்.

“பிள்ளைகள்ல யாராவது போட்டுக்கலாம். கேட்டுப் பாரு,” என்றார் லில்லி.

நம்பியைக் கேட்டான். “நான் மாட்டேன்னா சொல்லுதேன்? எனக்கு பிரஷர் இருக்கு ஸார். என் துடிப்பு அப்பாவுக்குப் போயி ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?” சுடலையைக் கேட்டான். “அப்பாவுக்கு அக்கா துடிப்புதான் பழகிட்டு. மாத்துனா மெரளுவாவ.” இரண்டும் பொய் இல்லை. அதுதான் சங்கடம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, தம்பி அலுவலகம் போன பிறகு, அண்ணன் கோவைக்குத் திரும்பிய பிறகு, சேந்தன் அந்த வீட்டுக்குப் போனான். ஆவுடையின் தோளில் ஒரு தோள்கண்ணைப் பொருத்தினான். நடமாடும் வீட்டுக்கண் அது. பிறகு அவள் கழுத்துப் பட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். கதையாளர் கதைக்குள் கால்வைக்கக்கூடாது. அவன் கழுத்தையே வைத்துவிட்டான். தெரிந்தால் வேலை போகும்.

“போயிட்டு வாங்க. ஒரு மணி நேரம்.”

“எங்க போக?” என்றாள் ஆவுடை. கை கழுத்தையே தடவிக்கொண்டிருந்தது.

“எங்க வேணும்னாலும்.”

அவள் போனதும் பெரியவரின் துடிப்பு சேந்தன் கழுத்தில் இடித்தது, பக்கத்து வீட்டு உரல் சத்தம் சுவர்வழியே வருவதுபோல. கொஞ்சநேரத்தில் அது பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. அவனுக்கு அழுகை வந்தது. அவனுக்கு அழ ஒரு காரணமும் இல்லை. காலையில் நன்றாகத்தான் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். தீராத ஒரு சலிப்பும் பயமும் பட்டைவழியே நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டன. பெரியவரோ நாற்காலியில் சாய்ந்து, குறட்டை விட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரமே இப்படியென்றால் ஏழு வருஷம் எப்படி என்று நினைத்துக்கொண்டு சேந்தன் மணியையே பார்த்தபடி இருந்தான். அவள் திரும்பிவந்து பட்டையை வாங்கிக்கொண்டபோது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவன் பிடுங்கிக் கொடுக்காத குறைதான்.

தோள்கண் பதிவை எடைமானியில் ஏற்றினார்கள். குறுக்குத்துறைக்கு மேலே ஆற்றுமணல். வெயில் ஏறியிருந்ததால் ஆள் நடமாட்டமே இல்லை. ஆவுடை நடக்கிறாள். பத்தடி போனதும் நின்று திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் யாரும் இல்லை. மறுபடி பத்தடி, மறுபடி நின்று திரும்புகிறாள். கால் தானாக நிற்கிறது. நாலைந்து தடவை அப்படி நின்றவள், தன் தொடையில் தானே ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, நிற்காமல் நடந்தாள். பிறகு ஓடினாள். செருப்பு ஒன்று மணலில் கழன்று விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

எடைமானி ஒற்றைத் துடிப்பு என்றது. திரையில் மூன்றாவது தட்டு ஒன்று முளைத்தது.

லில்லி பதிவையும் பார்த்தார், சேந்தன் கழுத்தில் பட்டை அழுந்தியிருந்த சிவந்த வரியையும் பார்த்தார். “கழுத்துல என்னடே, வேர்க்குருவா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெற்றிலை துப்ப எழுந்துபோனார்.

மூன்று முதன்மைப் பாத்திரங்கள் என்றதும் திரைக்கதை தலைகீழாகிவிட்டது. சேர்த்தது ஒரே ஒரு காட்சிதான். ஆனால் பழைய காட்சி ஒன்றுகூடப் பழையபடி இல்லை. அண்ணனும் தம்பியும் அப்பாவுக்காக உருகி உருகிச் சண்டைபோட்ட காட்சியை ஆவுடையின் கண்வழியே வைத்தால், அடுப்பில் பால் பொங்குகிறது. அணைக்க எழுந்தால் பத்தடி தாண்டிவிடும். அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவதற்குள் பால் வழிந்துவிடுகிறது. சண்டைபோடும் இருவரும் தீய்ந்த வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். சேந்தன் முன்பு அந்தக் காட்சியைப் பால் பொங்குவதற்கு முன்னாலேயே வெட்டியிருந்தான். நல்ல காட்சியை எங்கே வெட்டவேண்டும் என்று தெரிந்தவன் என்று அவனுக்குப் பெயர். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

படம் காட்டிய நாளில் அண்ணனும் தம்பியும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆவுடைக்குள் புகுந்தார்கள். கழற்றியபோது நம்பியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சுடலை எழுந்து வெளியே போய், குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். பிறகு மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவர் ஆவுடையின் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

“நான் மணிமுத்தாறு போறேன் அண்ணே,” என்றாள் ஆவுடை.

“போ தாயி. நீ போகணும்,” என்றான் நம்பி. “நான் பாவி. ஏழு வருஷம் உன்ன...”

“அக்கா போகட்டும். நானும் அதான் சொல்லுதேன்,” என்றான் சுடலை.

அந்த இடத்தில் எல்லாரும் கட்டிக்கொண்டு அழுது, யார் பட்டையைப் போடுவது என்று போட்டி போட்டிருந்தால் கதை சுபம். போட்டி நடக்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்துவிட்டது, தெரிந்தும்விட்டது. அந்தக் கழுத்துக்குள் இருந்து பார்த்துவிட்டு வந்த பிறகு, அந்தப் பட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தைரியம் அண்ணனுக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை. முன்பென்றால், எத்தனை சாக்கு சொன்னாலும், தெரியாமலாவது ஒருவன் மாட்டியிருக்கக்கூடும். மேசையில் கிடந்த பேனாவையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் சுடலைதான் துயில்மனை என்ற சொல்லை எடுத்தான். அங்கே பட்டை வேண்டியதில்லை. தூங்கவைத்துவிடுவார்கள், தூங்குகிற உடம்புக்கு இயந்திரத் துடிப்பே போதும். வலி கிடையாது. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தூங்கலாம். போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நம்பி தலைகுனிந்தபடி சரி என்றான். ஆவுடை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். ஆனால் கையெழுத்துப் போட்டாள். கடைசியாகப் போட்டது அவள்தான்.

பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அழைத்துப்போகிற நாள் காலையில், செவிலியர் வந்து ஆவுடையின் பட்டையை முதலில் கழற்றினார். அவள் அப்பாவின் காலைத் தொட்டு வணங்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மணிமுத்தாறு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள். நின்றால் போகமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். செவிலியர் பெரியவர் பட்டையையும் கழற்றிவிட்டு வண்டியிலிருந்து படுக்கையை இறக்கச் சொல்லப் போனார். பிள்ளைகள் வாசலில் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அறையில் பெரியவர் மட்டும்.

மன்றத்தில் சேந்தன் வேறொரு வழக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது, எடைமானி தானாகவே ஒலித்தது. எடுத்த முடிவு நிறைவேறும்வரை வழக்குவீட்டு வீட்டுக்கண் மூடாது. முடிந்த வழக்கு எண்ணைக் காட்டி, ஒற்றைத் துடிப்பு என்றது. மூன்று தட்டுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்று. லில்லி நாற்காலியோடு நகர்ந்துவந்து எட்டிப் பார்த்தார்.

திரையில் ஹரீஷ்குமார் தனியாக இருந்தார். மூச்சு வாங்கியது, துடிப்பு எக்குத்தப்பாக ஓடியது. அவர் பயந்ததாகத் தெரியவில்லை. இரண்டு காலையும் மெல்ல நீட்டினார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். மேசையிலிருந்த செம்பை எட்டி எடுத்து, பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தார். பிறகு, வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சொந்த வீடு வந்து சேர்ந்தவரைப்போல, “அப்பாடா!” என்றார்.

“ஏடே சேந்தா, நாலாவது ஆளு!” என்று பதறினார் லில்லி. “மனுஷன் இப்ப முதன்மைப் பாத்திரம்டே. அவரு கையெழுத்து இல்லாம அந்த மூணும் செல்லாது. ஓடு!”

சேந்தன் போய்ச் சேர்ந்தபோது வண்டியின் படுக்கையை அறைக்குள் கொண்டுவந்திருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெரியவர் முன்னால் தரையில் உட்கார்ந்தான். பிள்ளைகள் இருவரும் ஒன்றும் புரியாமல் கதவருகே நின்றார்கள்.

“ஐயா, உங்களுக்கு என்ன வேணும்? தூங்கப் போறீயளா?”

பெரியவர் தலையாட்டவில்லை. அவனை நிமிர்ந்து பார்த்து, நாக்கைத் துழாவி வார்த்தையைப் பொறுக்கினார். “எதுக்குத் தூங்க? ஏழு வருஷமும் தூக்கந்தானே? அவ மனசு என்ன நெனைக்கோ அதத்தான் நானும் நெனச்சேன். அவ பயம், அவ ஆங்காரம், எல்லாம் என் கழுத்துலதான் வந்து விழுந்துது. எம் புள்ள என்ன பாடு படுதான்னு எனக்குத் தெரியாதா? எனக்குத்தாம்வே தெரியும்.” கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். “இருக்குத நாள இப்படியே முழிச்சிருந்துட்டுப் போறேன். என் வீட்டுலயே இருக்கேன். வாரம் இருந்தா வாரம்.”

“இத முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?” என்றான் நம்பி, உடைந்துபோய்.

“பட்டையோட எப்படிலே சொல்ல? கழத்திட்டுக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். அவள அன்னைக்கே போகச் சொல்லியிருப்பேன்.”

செவிலியர் படுக்கையை மடக்கிக்கொண்டே, “வருஷா வருஷம் அரை மணி நேரம் கழத்திட்டு நோயாளிகிட்டயே கேக்கலாமேங்க. பட்டையச் சோதிக்க எங்க ஆளுங்க வாரப்பல்லாம் சொல்லியிருப்பாங்களே,” என்றார். சொல்லியிருந்தார்கள்தான். எதற்கு வம்பு என்று யாரும் கேட்கவில்லை.

சுடலை சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். சேந்தன் வாசலுக்கு வந்தான். நாலு பேர் கதையை இனி முதலிலிருந்து எழுதவேண்டும். ஆவுடையும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அப்பாவுக்குள் புகுந்து பார்க்கவேண்டிவரும். அதில் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது நல்லது என்று அவனுக்குப் பட்டது. கூப்பிட்டான். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது. பெரியவர் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொன்னான். அது அவன் தொழில்.

அந்தப் பக்கம் கண்டக்டர் யாரையோ உள்ளே நகரச் சொன்னார்.

“ஸார்,” என்றாள் ஆவுடை. “நான் வேண்டாம்னு சொல்ல எனக்கு ஒரு எடம் வேணும்னு உங்ககிட்ட கேட்டேன்லா? என்கிட்ட ஒருத்தரும் கேக்கலியேன்னு ஏழு வருஷமா அண்ணனையும் தம்பியையும் மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டே கிடந்தேன். கழத்திட்டு அப்பாட்ட கேளுங்கன்னு நர்ஸு என்கிட்டத்தான் ஸார் வந்து சொல்லுவாவ, வருஷா வருஷம். நாந்தான் வேண்டாம்னு அனுப்பிருவேன். பத்தடிக்குள்ளதான இருந்தேன். நானும் அப்பாட்ட கேக்கல ஸார்.”

சேந்தன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை. பஸ் போய்க்கொண்டிருந்தது.